ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகருக்கு வேலைக்கு வரும் தம்பிக்கு

தம்பி, கோவை பவுண்டரியில் 4 வருடம் இருந்துவிட்டு, இங்கே மின்சாரக் கார் சப்ளை செயினில் எல்சிஏ வேலை (ஒரு பொருள் பிறப்பு முதல் அழிவு வரை சுற்றுச்சூழலுக்கு என்ன செய்கிறது என்று கணக்கிடுவது) கிடைத்திருக்கிறது, வரலாமா, ஊர் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நான் ஸ்வீடனுக்கு வந்து 11 வருடம் ஆகிறது, பார்ப்பதும் இதே வேலைதான். தயங்காமல் வாருங்கள்.

எல்சிஏ என்றால் கணினியில் மாடல் போடுவது என்றுதான் நானும் நினைத்து வந்தேன். அது சின்னப் பங்கு. சுரங்கத்தில் தொடங்கிப் பழைய பேட்டரியை உருக்குவது வரை கணக்குப் போட வேண்டுமானால், எங்கோ இருக்கும் சப்ளையரிடம் “உங்கள் உலைக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டு வாங்க வேண்டும். முக்கால்வாசி வேலை அதுதான். அலுமினியத்தையே பாருங்கள். ஒரு கிலோ எடுக்கச் சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும். நார்வேயில் நீர்மின்சாரத்தில் எடுத்தால் கிலோவுக்குச் சுமார் 4 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நிலக்கரி மின்சாரம் என்றால் 16 கிலோவையும் தாண்டும். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு கட்டிக்கும் வித்தியாசம் தெரியாது.

முதல் வருடம் ஒரு சப்ளையர் பதிலே போடவில்லை. நான் தரவுத்தளத்தில் இருந்த சராசரியைப் போட்டு அறிக்கையை முடித்துவிட்டேன். பிறகு வந்த உண்மை எண் அதைப் போல் இரண்டு மடங்கு. எந்தச் சரக்கு நல்லது என்ற முடிவே புரண்டுபோனது. இன்றும் அது எனக்கு உறுத்தல்தான். உலை பக்கத்தில் நின்ற ஆளுக்கு ஒரு எண் பொய்யா என்று பார்த்ததும் தெரியும். இங்கே அப்படிப்பட்டவர்கள் குறைவு, அதனால்தான் உங்களை வரச் சொல்கிறேன்.

அப்புறம், சரக்கு கிடைக்குமா என்ற கேள்வியும் உங்கள் மேஜைக்குத்தான் வரும். 2023 டிசம்பர் முதல் சீனா, பேட்டரிக்கு வேண்டிய கிராஃபைட் ஏற்றுமதிக்கு அனுமதியைக் கட்டாயமாக்கியது. 2025 ஏப்ரலில் சில அரிய மண் தனிமங்களுக்கும் (கார் மோட்டாரின் காந்தங்களுக்கு வேண்டிய உலோகங்கள்) அதேபோல் செய்ய, ஐரோப்பாவில் சில உதிரிபாக ஆலைகளே நின்றன. மாற்றுச் சரக்கு தேடும்போது அதன் கார்பன் கணக்கையும் ஒரு வாரத்தில் கேட்பார்கள். ஸ்வீடனின் வடக்கே கிருணா என்ற சுரங்க ஊரில் 10 லட்சம் டன்னுக்கு மேல் அரிய மண் ஆக்சைடு இருப்பதாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். தோண்டி எடுக்கப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அது சாமி (Sámi) என்ற பழங்குடி மக்கள் கலைமான் மேய்க்கும் நிலமும்கூட. அந்த இழப்பு நம் கிலோக் கணக்கில் வராது, அறிக்கையில் தனியாக எழுத வேண்டும். நான் எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

வேலை நிலைக்குமா என்ற பயம் வேண்டாம். ஐரோப்பியச் சட்டப்படி 2027 பிப்ரவரி முதல் மின்சாரக் கார் பேட்டரிக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட், அதாவது கார்பன் கணக்கு உள்பட அதன் விவரங்கள் அடங்கிய மின்னணுப் பதிவு, வேண்டும். அந்தக் கணக்கைப் போட நம்மைப் போன்ற ஆட்கள் வேண்டும்.

சரி, ஊர் விஷயம். வந்ததும் வரி அலுவலகத்தில் பெர்சூன்நம்மருக்கு (ஆளுக்கு ஒன்றாகத் தரும் அடையாள எண்) எழுதிக்கொடுங்கள். அது இல்லாமல் பாங்க்ஐடி (வங்கி தரும் மின்னணு அடையாளம்) கிடைக்காது, பாங்க்ஐடி இல்லாமல் இங்கே ஒன்றும் நகராது. வாடகை வீட்டு வரிசையில் அன்றைக்கே பெயரைப் போடுங்கள், வருடக்கணக்கில் ஆகும். டிசம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். ஃபீக்காவுக்கு, அதாவது சேர்ந்து காபி குடிக்கும் இடைவேளைக்கு, கூப்பிட்டால் போங்கள். மின்னஞ்சலில் வராத விவரம் அந்தக் காபியில் வரும். சப்ளையர் கடிதங்களை மிட்சம்மருக்கு (ஜூன் கடைசியில் வரும் கோடைப் பண்டிகை) முன்பே அனுப்பிவிட வேண்டும், ஜூலை முழுக்க நாடே விடுமுறையில் இருக்கும். சேரும் தேதியையும் ஆகஸ்டு நடுவில் கேளுங்கள், ஜூலையில் வந்தால் வேலை சொல்லித்தர ஆள் இருக்க மாட்டார்கள்.