அமெரிக்காவுல மிசூரி மாநிலத்து செயின்ட் லூயிஸ்ல இருந்து ஒரே நாள்ல போய்ட்டு வர்ற மாதிரி, ட்ரவுட் மீன் பிடிக்கவும் முடியணும், தூண்டில் தொடாதவங்களுக்கும் போரடிக்கக் கூடாது, எங்க போகலாம்?

மெராமெக் ஸ்பிரிங் பார்க் போங்க, யோசிக்கவே வேணாம். ஐ-44 ஹைவேல செயின்ட் ஜேம்ஸ் ஊர் வரைக்கும் சுமார் 100 மைல், அங்க இறங்கி ஹைவே 8ல ஒரு ஆறு மைல். மிசூரில இது மாதிரி ட்ரவுட் பார்க் வேறயும் இருக்கு, பென்னட் ஸ்பிரிங், மொன்டாக், ரோரிங் ரிவர்னு, ஆனா மீன் பிடிக்கிறவரும் பிடிக்காதவரும் சேர்ந்து போறதுன்னா என் ஓட்டு இதுக்குத்தான்.

போனதும் தூண்டில எடுக்காதீங்க, முதல்ல ஊத்து வரைக்கும் நடந்து போய் பாருங்க. பாறை அடியில இருந்து ஒரு நாளைக்கு சராசரியா 38 கோடி லிட்டர் தண்ணி வெளிய வருது, ஆனா கொப்பளிக்கிற சத்தமே இருக்காது, பச்சையும் நீலமும் கலந்த ஒரு குளம் மாதிரிதான் தெரியும், அங்கிருந்து கொஞ்ச தூரம் ஓடி மெராமெக் ஆத்துல சேருது. வருஷம் பூரா தண்ணி கிட்டத்தட்ட 13 டிகிரி செல்சியஸ்லயே இருக்கும். ரெயின்போ ட்ரவுட் மிசூரி மீனே கிடையாது, 1880கள்ல அமெரிக்காவோட மேற்குப் பக்கம் இருந்து கொண்டு வந்து விட்டது, இங்க கோடையில சூடாகிற சாதாரண ஆத்துல அதால தாங்க முடியாது, இந்த ஜில்லுன்னு இருக்கிற ஊத்துத் தண்ணியாலதான் பண்ணையில வளர்த்து இங்க விட முடியுது.

மார்ச் 1ல இருந்து அக்டோபர் 31 வரைக்கும் பிடிச்சதை எடுத்துட்டுப் போகலாம், ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு நாலு. குளிர்காலத்துல பிடிச்சா திருப்பி விட்டுடணும். அன்னன்னைக்கு ட்ரவுட் பிடிக்க அனுமதி தர்ற ட்ரவுட் டேக் தனியா வாங்கணும், பெரியவங்களுக்கு அதோட மாநில ஃபிஷிங் பெர்மிட்டும் வேணும். எந்த இரை போடலாம்ங்கிறது பார்க்குக்கு பார்க் மாறும், போர்டைப் படிச்சுட்டு இறங்குங்க. தண்ணி அவ்வளவு தெளிவு, மீன் நீரோட்டத்துக்கு எதிரா தலைய வச்சு வால மட்டும் லேசா ஆட்டிட்டு நிக்கிறது அப்படியே தெரியும், கண்ணு முன்னாடியே நிக்கும் ஆனா கடிக்காது, ஏன்னா நம்ம தூண்டில் நரம்பும் அதுக்குத் தெரியுது. மெல்லிசு நரம்பு கட்டுங்க, நிழல் தண்ணில விழாம நில்லுங்க.

இப்ப தூண்டில் தொடாதவங்களுக்கு. இதே தண்ணியை வச்சு 1826ல இங்க ஒரு இரும்பாலை ஆரம்பிச்சாங்க, தாமஸ் ஜேம்ஸ், சாமுவேல் மாஸின்னு ரெண்டு பேர். பக்கத்துலயே இரும்புத் தாது, கரி சுட சுத்தியும் ஓக் காடு, துருத்தியையும் பெரிய சம்மட்டியையும் ஓட்ட ஊத்துத் தண்ணி, இது மூணும் ஒரே இடத்துல கிடைச்சதாலதான் அந்தக் காட்டுக்குள்ள ஒரு ஊரே உருவாச்சு. 1857ல கட்டின கல் உலை இன்னும் நிக்குது. மேல இருந்து தாது, கரி, சுண்ணாம்புக்கல்னு மாத்தி மாத்திக் கொட்டுவாங்க, கீழ உருகின இரும்பு மணல் அச்சுல ஓடி வரும். உலையோட வளைவு கிட்ட நின்னு உள்ள எட்டிப் பாருங்க, பசங்களுக்கு பாடப் புத்தகத்துல புரியாதது அங்க ரெண்டு நிமிஷத்துல புரியும். 1876ல ஆலை மூடிட்டாங்க.

இன்னொண்ணும் பசங்ககிட்ட கண்டிப்பா சொல்லுங்க. 1830களோட கடைசியில அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்களை சொந்த மண்ணை விட்டு விரட்டுனாங்களே, கண்ணீர்ப் பாதைன்னு சொல்றது, அதுல வடக்கு வழியா நடந்து போனவங்க இந்த இரும்பாலையைத் தாண்டித்தான் போனாங்க. உலையை மட்டும் பார்த்து போட்டோ எடுத்துட்டு வர்றவங்கதான் நிறைய, எனக்கு அது மனசு ஒப்பல.

இது அரசாங்கப் பார்க் இல்ல, அந்த ஜேம்ஸ் குடும்பத்துல வந்த லூசி வொர்தம் ஜேம்ஸ் எழுதி வச்ச உயிலால உருவான அறக்கட்டளை நடத்துது, அதனால காருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. மியூசியமும் இருக்கு. முடிஞ்சா வார நாள்ல போங்க, மார்ச் 1 அன்னைக்கு மட்டும் வேணாம், சீசன் ஆரம்பிக்கிற நாள், கரையில தோளோட தோள் இடிச்சுக்கிட்டுதான் நிக்கணும்.