அழகான சாத்தான்

கேள்வி: 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் தின்தொரெத்தோ வரைந்த 'கிறிஸ்துவின் சோதனை' ஓவியத்தின் படத்தைப் பார்த்தேன். சாத்தானைக் கட்டழகனாக வெளிச்சத்தில் நிறுத்திவிட்டு, இயேசுவை ஒரு ஓட்டைக் கொட்டகையின் நிழலில் ஒதுக்கியிருக்கிறார். பக்தர்களை அவமதிக்கும் இதை எப்படி விட்டுவைத்தார்கள்?

பதில்: விட்டுவைப்பதாவது? பக்தர்களேதான் காசு கொடுத்து வாங்கினார்கள். வெனிஸில் சான் ரோக்கோ சபையார் கொள்ளைநோய்க்குக் காவலான புனித ரோக்கின் பெயரில் தர்மம் செய்துவந்தவர்கள். 1575-77 கொள்ளைநோயில் ஊரே பிணக்காடானதைக் கண்ணால் பார்த்தவர்கள். வருஷத்துக்கு 3 படம், ஆயுளுக்கும் ஆண்டுக்கு 100 டுகாட் (அந்நாளைய வெனிஸ் நாணயம்) என்று 1577-இல் ஓவியரோடு பேசி முடித்தார்கள். அந்தக் கணக்கில் வந்ததுதான் இந்தப் படம். இன்றும் அவர்கள் மண்டபத்து மாடிக்கூடத்தில்தான் இருக்கிறது.

சரி, சாத்தான் ஏன் அழகன்? கொம்பும் வாலுமாக வந்து நின்றால் அது பயமுறுத்தல், சோதனை ஆகாது. 'சாத்தானும் ஒளியின் தூதனுடைய வேஷத்தைத் தரித்துக்கொள்வானே' என்று பைபிளில் அப்போஸ்தலர் பவுல் எழுதியதை நீங்கள் மறந்திருக்கலாம், ஓவியர் மறக்கவில்லை. சுருட்டை முடி, கொழுகொழு கன்னம், ரோஜா நிறச் சிறகு, கையில் காப்பு வேறு. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை! அவன்தான் வனாந்தரத்தில் 40 நாள் பட்டினி கிடந்த இயேசுவிடம் இரண்டு கல்லை ஏந்தி, இதை அப்பமாக்கிக்கொள்ளும் என்கிறான். பசித்த கண்ணுக்கு அந்த நேரத்தில் எது பளிச்சென்று தெரியுமோ, அதன்மேல்தான் ஓவியர் வெளிச்சத்தைக் கொட்டியிருக்கிறார்.

அதே கூடத்தில் இன்னும் என்னென்ன இருக்கிறது என்றும் பார்த்திருக்கலாம். சுவரில் அப்பங்களைப் பெருக்கி ஜனங்களுக்குக் கொடுக்கும் காட்சி. விதானத்தில் பசித்த இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற உணவு பொழிகிறது, மோசே பாறையில் தண்ணீர் வரவழைக்கிறார். பசித்தவருக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர் என்று அலைந்த சபைக்கு, தன் பசிக்கு மட்டும் அற்புதம் செய்ய மறுத்தவரின் படம் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், ஒதுக்கிவிட்டதாகச் சொன்னீர்களே, அந்தக் கொட்டகை மேலே இருக்கிறது. வெளிச்சத்தில் நிற்கிறவன் கீழே நின்று, இரண்டு கையையும் தூக்கி, அண்ணாந்து கெஞ்சிக்கொண்டிருக்கிறான். இதில் அவமானப்பட்டது யார் என்று படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்.