சேற்றில் வாலை இழுக்கும் ஆமை: சுவாங் சூ கேள்வி பதில்

பழஞ்சீனத் தாவோ சிந்தனையாளர் சுவாங் சூவைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கே: சார், சுவாங் சூ, சுவாங் சோவ் என்று இரண்டு பெயர் பார்க்கிறேன். ஒரே ஆளா?

ப: ஒரே ஆள்தான். பெயர் சுவாங் சோவ். ‘சூ’ என்பது ஆசான் என்ற மரியாதை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டு, நாடுகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்த காலம். சோங் நாட்டுக்காரர், அரக்குத் தோட்டம் என்ற இடத்தில் சின்ன உத்தியோகம் பார்த்தார் என்று வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியிருக்கிறார்.

கே: அரசனே மந்திரி பதவி கொடுத்தும் வேண்டாம் என்றாராமே. சோம்பேறித்தனத்துக்குத் தத்துவப் பூச்சா?

ப: கதையைப் பாருங்கள். பூ என்ற ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார். சூ என்ற நாட்டின் அரசன் பதவி கொடுத்து அனுப்பிய ஆட்கள் வந்து நிற்கிறார்கள். இவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. “உங்கள் நாட்டில் ஒரு புனித ஆமை செத்து 3,000 ஆண்டு ஆகிறதாம், அரசர் துணி சுற்றிக் கோயிலில் வைத்திருக்கிறாராம். செத்து ஓடாகி மரியாதை வாங்குவது அதற்குப் பிடிக்குமா, உயிரோடு சேற்றில் வாலை இழுத்துத் திரிவது பிடிக்குமா?” சேறுதான் என்கிறார்கள். “அப்படியானால் போய்வாருங்கள். நானும் சேற்றிலேயே இருந்துகொள்கிறேன்.”

அந்தக் காலத்து மந்திரி வேலை எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். சின் நாட்டை வலுவாக்கிய மந்திரி ஷாங் யாங்கின் உடலை கி.மு. 338-இல் தேர்களில் கட்டிக் கிழித்தார்கள். இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

கே: தாவோக்காரர்கள் சொல்லும் ‘வூ வெய்’ (செய்யாமை) என்றால் சும்மா இருப்பதுதானே?

ப: இல்லை தம்பி. வலிந்து முட்டாமல், பொருளின் போக்கிலேயே செய்வது. சுவாங் சூ காட்டும் உதாரணமே ஒரு சமையல்காரர், அதுவும் மாடு அறுப்பவர். பெயர் டிங். சாதாரண ஆள் மாதம் ஒரு கத்தி மாற்றுவான், வெட்டுவதால். கைதேர்ந்தவன் வருடம் ஒன்று. டிங்கின் கத்திக்கு 19 வயது. ஆயிரக்கணக்கான மாடுகளைப் பார்த்தாயிற்று, இன்னும் சாணையிலிருந்து எடுத்த மாதிரி இருக்கிறது. காரணம் கேட்டால், மூட்டுகளுக்குள் இடைவெளி இருக்கிறது, கத்தி முனைக்குத் தடிமனே இல்லை, தாராளமாகப் போய்வரலாம் என்கிறார்.

எனக்குப் பிடித்தது அடுத்த வரி. சிக்கலான இடம் வந்தால் டிங்குக்கும் பயம்தான். பார்வையைக் குவித்து, வேகத்தைக் குறைத்து, கத்தியை நூலளவு நகர்த்துகிறார். மண்கட்டி உதிர்கிற மாதிரி சதை பிரிந்து விழுகிறது. அப்புறம் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்துவிட்டு, கத்தியைத் துடைத்து வைக்கிறார். இதில் சும்மா இருப்பது எங்கே வருகிறது?

கே: பட்டாம்பூச்சிக் கனவு? உலகமே மாயை என்கிறாரா?

ப: சோவ் பட்டாம்பூச்சியாகப் பறப்பதாகக் கனவு கண்டு விழிக்கிறார், அதுதான் கதை. பாதியோடு நிறுத்தினால் அப்படித் தோன்றும். கனவு கண்டது சோவா, பூச்சியா என்று கேட்டபிறகு, இரண்டுக்கும் வேறுபாடு இருக்கத்தான் வேண்டும் என்று அவரே எழுதுகிறார். ஒன்று இன்னொன்றாக மாறுவதைப் பற்றித்தான் பேச்சு. மாயையைப் பற்றி அல்ல.

கே: மனைவி செத்த வீட்டில் பாத்திரத்தைத் தட்டிப் பாடினாராம். என்ன மனுஷர் ஐயா இவர்?

ப: துக்கம் கேட்க வந்த நண்பர் ஹூய் ஷியும் இப்படித்தான் திட்டினார். அவள் போனதும் எனக்கும் வருத்தம் வராமலா இருந்தது என்பதுதான் இவருடைய முதல் பதில். பருவங்கள் மாறுவது போலத்தான் பிறப்பும் இறப்பும் என்று அப்புறம் யோசித்து அழுகையை நிறுத்தியிருக்கிறார். அழாதவர் அல்ல.

கே: புத்தகம் முழுக்க அவர் எழுதியதா?

ப: இன்று கையில் இருப்பது குவோ சியாங் தொகுத்த 33 அத்தியாயம். முதல் 7 அவருடையவை என்பது மரபு. மற்றவற்றில் பல கைகள். டிங் கதை வரும் 3-ஆம் அத்தியாயம் மிகச் சின்னது, அங்கே தொடங்குங்கள்.

கே: அந்த ஹூய் ஷி நண்பரா, எதிரியா? எப்போதும் சண்டைதானே?

ப: தர்க்கவாதி. மீன் சந்தோஷமாக இருப்பது உமக்கு எப்படித் தெரியும் என்று பாலத்தில் நின்று மடக்கியவர். அவர் கல்லறையைக் கடக்கும்போது சுவாங் சூ சீடர்களுக்கு ஒரு கதை சொன்னார். ஒருவன் மூக்கு நுனியில் ஈ இறகளவு சுண்ணாம்பு. தச்சர் ஷி கோடரியை வீசி அதை மட்டும் சீவி எடுப்பார், அவன் அசையாமல் நிற்பான். அரசன் கேள்விப்பட்டு, எனக்கும் செய்து காட்டு என்றான். “முன்பு முடிந்தது. நிற்கிறவன் செத்து வெகுநாளாயிற்று” என்றார் தச்சர். ஹூய் ஷி போனபிறகு எனக்கும் பேச ஆளில்லை என்றார் சுவாங் சூ.