நாலு சக்கரமும் இழுக்கிறதா?

காரைக்குடியில் 31 ஆண்டுகளாகப் பட்டறை நடத்திவரும் மெக்கானிக், வாசகர்களின் வாகனக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில் பழைய எஸ்யூவி.

கேள்வி: ஐயா, சாக்கோட்டைக்குப் பக்கத்தில் கண்மாய்க்கு அப்பால் எங்களுக்குத் தோப்பும் வயலும் இருக்கின்றன. கரை வழியாக இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. ஐப்பசி, கார்த்திகையில் டிராக்டரைத் தவிர எதுவும் போகாது. எட்டு லட்சம் ரூபாய்க்குள் ஃபோர் வீல் டிரைவ் உள்ள பழைய வண்டி வாங்க நினைக்கிறேன். ஸ்கார்பியோ வாங்கலாமா, டஸ்டர் வாங்கலாமா?
*வாசகர், சாக்கோட்டை*

பதில்: தம்பி, எந்த வண்டி என்பதைப் பிறகு பார்ப்போம். பின்கதவில் ‘ஃபோர் பை ஃபோர்’ என்று ஒட்டியிருப்பதை நம்பி மட்டும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நான் அப்படிக் கொடுத்தவன்.

18 வருடங்களுக்கு முன்பு நடந்தது. அப்போது என் பட்டறையில் லாரி வேலைதான் அதிகம். வெளியூர்த் தரகர் ஒருவரிடம் பழைய ஃபோர் வீல் வண்டி ஒன்றைச் சொந்த உபயோகத்துக்கு வாங்கினேன். என்ஜின் நன்றாக இருந்தது. தார்ச்சாலையில் ஓட்டிப் பார்த்தேன், எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஐந்தாவது மாதம், கார்த்திகை மழை இரவில், என் தாய்மாமாவுக்கு மூச்சுத்திணறல் வந்துவிட்டது. அவர் வீடு கண்மாய்க்கு அந்தப் பக்கம். கலுங்கை ஒட்டி முழங்கால் சேறு. ஃபோர் வீலுக்கு மாற்றினேன், முன்னால் பச்சை விளக்கு எரிந்தது. பின் சக்கரங்கள் இரண்டும் சுழன்று குழி பறித்தன. முன் சக்கரங்கள் அசையவே இல்லை. மாமாவைக் கயிற்றுக் கட்டிலோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு சாலைக்கு நடந்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். முன் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டு, அதாவது புரொப்பல்லர் ஷாஃப்டே அங்கே இல்லை. அது மாட்டியிருக்க வேண்டிய இடத்தில் நான்கு போல்ட் துளைகள் தெரிந்தன. ஒன்றுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. திருப்புளியால் குத்தினால் கல்லைப்போல் சத்தம் கேட்டது. அத்தனை காலத்துக்கு முன்பே கழற்றிவிட்டிருக்கிறார்கள். சத்தம் வருகிறது, டீசல் அதிகம் குடிக்கிறது என்று இப்படிக் கழற்றிப்போடுகிறவர்கள் உண்டு. பச்சை விளக்கு, விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள சுவிட்சால் எரிவது. முன் சக்கரம் சுழல்கிறதா என்பது அந்தச் சுவிட்சுக்குத் தெரியாது.

அதனால் வண்டியைப் பார்க்கப் போகும்போது தார்ச்சாலையோடு திரும்பிவிடாதீர்கள். விற்பவரிடம் சொல்லி வறண்ட கண்மாயின் உள்வாய்க்கோ, மணல் உள்ள பொட்டலுக்கோ கொண்டுபோங்கள். ஃபோர் வீலில் போட்டு, ஒருவர் மெதுவாக ஓட்ட, நீங்கள் இறங்கிப் பக்கவாட்டில் நடந்து வாருங்கள். மேட்டில் ஏறும்போது முன் சக்கரமும் மண்ணை வாரி எறிய வேண்டும். பிறகு வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சுக்கு மாற்றச் சொல்லுங்கள். முதல் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்துபோக வேண்டும். மாறுவதற்கு மறுத்தாலோ, விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தாலோ, பல வருடங்களாக அதை யாரும் தொடவில்லை என்று பொருள். அதை மாற்றிவிடும் சிறு மோட்டார் இறுகியிருக்கலாம், உள்ளே பல்லே தேய்ந்திருக்கலாம். பிரித்துப் பார்க்காமல் செலவு சொல்ல முடியாது. காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஸ்கார்பியோ போன்ற வண்டிகளில் முன்னும் பின்னும் பிணைந்துவிடுவதால், வளைவில் திருப்பும்போது வண்டி முறுக்கிக்கொள்ளும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாலையில் நீங்கள் பார்க்கும் ஸ்கார்பியோக்களில் பெரும்பாலானவை பின் சக்கர இழுவை மட்டுமே உள்ளவை. ஃபோர் வீல் உள்ளதில் ‘2எச், 4எச், 4எல்’ (இரண்டு சக்கரம், நாலு சக்கரம், நாலு சக்கரத்தோடு லோ ரேஞ்ச்) என்று திருகும் குமிழ் இருக்கும். லாரியைப்போல் தனிச் சேஸ், கூடவே லோ ரேஞ்ச். டஸ்டரில் நாலு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் வகை 2014-இல் வந்தது, டீசலில் மட்டும். தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரம், பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். மண்பாதையில் அது உட்கார்ந்து போகும் சுகம் ஸ்கார்பியோவில் கிடைக்காது. லோ ரேஞ்ச் இல்லை. முதல் கியரையே குட்டையாக வைத்து ஈடுகட்டியிருக்கிறார்கள். வழுக்கும் சேற்றைத் தாண்டிவர அது போதும். ஆனால் அறுப்பு நேரத்தில் யாராவது ஒரு டிரெய்லரைக் கொண்டுவந்து பின்னால் மாட்டத்தான் போகிறார்கள், நீங்களும் மறுக்கப் போவதில்லை. அதற்கு டஸ்டர் ஆகாது. அந்தப் பழைய டஸ்டரின் உற்பத்தியும் 2022-இல் நின்றுவிட்டது. தோப்புக்குப் போய்வர மட்டும் என்றால் டஸ்டர், தோப்பு வேலைக்கும் என்றால் ஸ்கார்பியோ. உங்கள் கடிதத்தைப் படித்த வரையில் நான் ஸ்கார்பியோவைத்தான் சொல்வேன்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் வருடத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருவான். அவனுக்காகச் சென்னையில் 2016 மாடல் ஃபோர்டு என்டெவர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். புகைப்படத்தில் புதிதுபோல் பளபளவென்று இருக்கிறது, விலையும் குறைவு. வாங்கலாமா?
*ஓர் ஆச்சி, தேவகோட்டை*

பதில்: ஆச்சி, சென்னை வண்டி, குறைந்த விலை என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்கு 2023 டிசம்பர்தான் நினைவுக்கு வருகிறது. மிக்ஜாம் புயலின்போது எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. அவை காய்ந்து, பாலிஷ் போட்டுக்கொண்டு சந்தைக்கு வரும். புகைப்படத்தில் ஒன்றும் தெரியாது. நேரில் யாரையாவது அனுப்பி, சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்பகுதியைக் கழுவியிருப்பார்கள். உருளைக்குள் சுற்றியிருக்கும் கடைசி முழத்தில் வண்டல் கோடு அப்படியே நிற்கும். விரலால் தேய்த்தால் மாவுபோல் உதிரும். அடுத்து, இருக்கையின் தண்டவாளத்தில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வண்டிக்குள் இருக்கும் அந்த இரும்பு துருப்பிடித்திருந்தால் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்தும் பார்க்கட்டும். அடிப்பகுதி முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் எதை மறைத்தார்கள் என்று கேளுங்கள். நம் ஊரில் 1953 முதல் நடந்துவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் துரு பிடிப்பதைப் பற்றியே ஆராய்கிறார்கள். பெயின்ட் அடித்தால் துரு நிற்காது, உள்ளே தின்றுகொண்டேதான் போகும் என்பதைப் பட்டறையில் தினமும் பார்க்கிறேன்.

என்டெவர் நல்ல உறுதியான வண்டி, மறைமலைநகரில் செய்தது. இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. சர்வீஸ் மையங்கள் இருந்தாலும் தேவகோட்டையிலிருந்து எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கணக்குப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது என் மனத்தில் நெடுநாளாக இருப்பது. பெரிய வீட்டுக் கொட்டகையில் பத்து மாதம் உறையைப் போட்டு நிறுத்திவைத்த வண்டிகள் என்னிடம் வரும். பேட்டரி செத்திருக்கும், சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும். பானெட்டைத் திறந்தால் எலி ஒயரைக் கடித்துப் பஞ்சுபோல் குவித்திருக்கும். நல்ல வண்டி ஓடாமலே வீணாவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. வாரம் ஒரு தடவை குன்றக்குடிக்கோ பிள்ளையார்பட்டிக்கோ ஓட்டிப்போய் வர நம்பிக்கையான டிரைவர் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் உங்கள் மகன் வரும்போது வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டும், ஆச்சி.

கேள்வி: எங்கள் பக்கம் முழுக்கச் சீமைக்கருவேல். மாதம் இரண்டு பஞ்சர். பழைய வண்டி வாங்கும்போது டயரில் எதைப் பார்க்க வேண்டும்?
*வாசகர், திருமயம்*

பதில்: டயரின் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேல் ரப்பர், தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஆறேழு வருடம் வெயிலில் நின்ற ரப்பர் இறுகி வெடித்திருக்கும், முள்ளும் அதில்தான் சுலபமாக இறங்கும். ஃபோர் வீல் வண்டியில் நான்கு டயரும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். முன்னால் புதிதும் பின்னால் தேய்ந்ததுமாக ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் அடி வாங்கும். முள்காட்டுக்குப் பக்கச்சுவர் தடித்த ஆல் டெரைன் டயர் போடுங்கள். பக்கச்சுவரில் முள் ஏறினால் பஞ்சர் ஒட்டி நெடுந்தூரம் ஓட்டாதீர்கள்.

கேள்வி: டெல்லி வண்டி ஒன்று பாதி விலைக்கு வருகிறது. பெயர் மாற்றம் மெதுவாகச் செய்துகொள்ளலாம், கையெழுத்துப் போட்ட படிவம் போதும் என்கிறார் தரகர். சரியா?
*வாசகர், புதுவயல்*

பதில்: தலைநகர்ப் பகுதியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து அவை தெற்கே வருகின்றன. வண்டி மோசம் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் அந்த ஊர் அலுவலகம் கொடுக்கும் தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, இல்லாமல் இங்கே பதிவு செய்ய முடியாது. தமிழ்நாட்டுக்கான வரியையும் நீங்கள் கட்ட வேண்டும். பதிவு 15 வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்தப் பாதி விலை பாதியாக இருக்காது.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் வெற்றுக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டுவது மிகத் தவறு. விபத்து நடந்தால் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்றவரை நீங்கள் வழக்கில் மாட்டிவிடுவீர்கள். வண்டி கை மாறிய 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். கடன் இருந்த வண்டி என்றால், கடன் குறிப்பை ஆர்சியிலிருந்து நீக்கும் படிவம் 35-உம் வங்கிக் கடிதமும் வேண்டும். தரகர் அவசரப்படுத்தினால் ஒரு தொகையை நிறுத்திவையுங்கள். டிஎன் 63 எண்ணோடு உங்கள் பெயரில் ஆர்சி கைக்கு வந்த அன்றைக்கு அதைக் கொடுங்கள்.