வாசகர் கேள்வி – பதில்: ஆரெயாவின் முதல் தட்டு

இத்தாலியின் ஆரெயா குழு 1973-ல் வெளியிட்ட முதல் ஆல்பம் ‘ஆர்பைட் மாஹ்ட் ஃப்ரை’. ஜாஸ், ராக், பால்கன் நாட்டுப்புறம், எலெக்ட்ரானிக் இரைச்சல் எல்லாம் ஒரே தட்டில். அதைக் கேட்டுக் குழம்பியவர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும் கீழே.

கேள்வி: முதல் பாட்டு ‘லூலியோ, அகோஸ்தோ, செத்தெம்ப்ரே (நேரோ)’ மெதுவாக ஆரம்பிக்கிறது. வேகம் எடுத்ததும் தாளம் கைக்குச் சிக்குவதில்லை. எங்கே சறுக்குகிறேன்?

எட்டு என்று எண்ணுகிறீர்கள், அது ஏழு. நான்கு நான்காகக் கேட்டுப் பழகிய காது ஏழாவது அட்சரத்துக்கு, அதாவது ஏழாவது எண்ணிக்கைக்குப் பிறகு தானாகவே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். முதல் சுற்றில் அரை அடி பிந்துவீர்கள், மூன்றாவது சுற்றில் பாட்டு எங்கோ போயிருக்கும்.

கர்நாடக இசையின் ஏழு அட்சரத் தாளமான மிஸ்ர சாபு போட்டுப் பழகியவர்களுக்கு இது பாதி வேலை முடிந்த மாதிரி. பால்கன் இசையில் ஏழு பெரும்பாலும் இரண்டு விதமாகப் பிரியும்: 3+2+2, அல்லது 2+2+3. முதலாவதற்கு ‘தகிட தக திமி’, இரண்டாவதற்கு ‘தக திமி தகிட’ என்று வாயால் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் தட்டுங்கள். சுற்றுக்கு மூன்றே தட்டு, அவற்றில் ஒன்று மட்டும் சற்று நீளம். இரண்டையும் பாட்டோடு ஓட்டிப் பாருங்கள். எதில் நீளத் தட்டு மெட்டின் அழுத்தத்தோடு ஒட்டி விழுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாட்டைப் போடும் முன், சீராக டிக் அடிக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120-ல் வைத்து, ஒரு டிக்குக்கு ஒரு அட்சரம் என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு தடுமாறாத பிறகு பத்துப் பத்தாக ஏற்றுங்கள். கால் தாளம் வேண்டாம். நடை பழகிய கால் எல்லாவற்றையும் இரட்டைப்படையாக்கிவிடும்.

இன்னொன்று. சாக்ஸஃபோன், கிதார், கீபோர்டு மூன்றும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் மெட்டைத் துரத்தாதீர்கள். பத்ரிக் ஜிவாஸின் பேஸையும் ஜூலியோ கப்பியோட்ஸோவின் பேஸ் டிரம்மையும் மட்டும் கேளுங்கள், சுற்று எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். நடுவில் எல்லாரும் கட்டவிழ்த்துக்கொண்டு கத்துகிற பகுதி வரும். அங்கே எண்ணுவதை நிறுத்திவிடுங்கள், எண்ண எதுவும் இல்லை. மெட்டு திரும்பி வரும்போது புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கினால் போதும்.

கேள்வி: ஆரம்பத்தில் ஒரு பெண் அரபியில் பேசுகிறாரே, என்ன சொல்கிறார்? ‘கறுப்பு செப்டம்பர்’ என்ற தலைப்பு தீவிரவாதத்துக்கு ஆதரவா?

ஒரு காதலனிடம் பேசுவதாக அமைந்த வரிகள் அவை. சமாதானத்தோடு உன் முன்னால் காதல் மலர்களை வைத்தேன், கோபத்தை விடு, ஆயுதத்தை விடு, வா வாழ்வோம் என்பது சாரம்.

தலைப்பில் வரும் ‘செத்தெம்ப்ரே (நேரோ)’, அதாவது கறுப்பு செப்டம்பர், குறிப்பது 1970 செப்டம்பரில் ஜோர்டானில் பாலஸ்தீனப் போராளிகள் மீது நடந்த இராணுவ நடவடிக்கையை. அதன் பெயரையே சூட்டிக்கொண்ட குழுதான் 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய அணியினர் 11 பேரின் சாவுக்குக் காரணமானது. ஆல்பம் வந்தது அதற்கு மறு ஆண்டு. ஆக, கேட்பவருக்கு எரிச்சல் வரும் என்று தெரிந்தேதான் பெயர் வைத்தார்கள். பாலஸ்தீனர் பக்கம் நிற்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. கொலையை ஆதரிக்கிறார்களா என்பதற்கு அந்த அரபி வரிகளை மறுப்பாகக் காட்டலாம். ஆனாலும் தலைப்பின் நெடி அதனால் முழுதாகப் போய்விடாது என்பது எங்கள் கருத்து.

ஆல்பத்தின் பெயரும் அதே வகை. ‘உழைப்பே விடுதலை தரும்’ என்ற அந்த ஜெர்மன் வாசகம் ஆஷ்விட்ஸ் முகாமின் வாயிலில் இருந்தது. அதை எடுத்து நிகழ்காலத் தொழிலாளியின் தலைக்குமேல் மாட்டுகிற கசப்பான கிண்டல் இது. இதன் பின்னால் இருந்தவர் மிலானின் கிராம்ப்ஸ் நிறுவனத்தை நடத்திய ஜான்னி சாஸ்ஸி. தட்டில் பாடலாசிரியராக வரும் ‘ஃப்ராங்கென்ஸ்டைன்’ அவர் பயன்படுத்திய புனைபெயர்தான். அடுத்த ஆண்டே அதே நிறுவனம் சோதனை இசைக்குப் பேர்போன ஜான் கேஜின் இசையையும் தட்டாக வெளியிட்டது என்றால் ஆளின் ரசனை புரியும்.

கேள்வி: கிதாரோடு கலந்து உலோகம் உரசுவது போல ஒலிகள் வருகின்றனவே, அவை எப்படி வருகின்றன? வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

கிதார் வாசித்த பாவ்லோ தோஃபானியே விசிஎஸ்3 என்ற சிந்தசைசரையும் (மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கருவி) கையாண்டார். லண்டனின் இஎம்எஸ் நிறுவனம் 1969-ல் கொண்டுவந்த கருவி. ஒலி அலை உண்டாக்கும் மூன்று ஆசிலேட்டர், இரண்டு ஒலிகளை ஒன்றோடொன்று பெருக்கும் ரிங் மாடுலேட்டர் ஒன்று, ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும் ஃபில்டர் ஒன்று, ஸ்பிரிங் எதிரொலி, ஒரு ஜாய்ஸ்டிக். கருவியிலேயே கட்டைகள் கிடையாது. கீபோர்டு தனியாக வாங்கிச் செருக வேண்டும். ஒயர்களும் வெளியே தொங்காது. 16-க்கு 16 ஓட்டைகள் கொண்ட பலகை ஒன்று உண்டு. கிடை வரிசை ஒலி புறப்படும் இடம், நெடு வரிசை அது போய்ச் சேரும் இடம். இரண்டும் சந்திக்கும் ஓட்டையில் குட்டிப் பின் ஒன்றைச் செருகினால் இணைப்பு முடிந்தது. அந்தப் பின்னுக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். பின் இடம் மாறினால் ஒலி அடியோடு மாறும். ஒரு வரிசை தள்ளிக் குத்தினாலே ஊளைச் சத்தம்தான்.

நீங்கள் சொல்லும் வகை ஒலிக்கு ரிங் மாடுலேட்டர் போதும். பெரும்பாலான ரெக்கார்டிங் மென்பொருள்களில் இந்த எஃபெக்ட் கிடைக்கும். கிதாரை ஒரு வாயிலில் கொடுங்கள், மற்றதில் 150 ஹெர்ட்ஸ் சைன் அலை. 440 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை வாசித்தால் வெளியே வருவது 440 அல்ல. கூட்டிய 590-ம் கழித்த 290-ம். இவை அந்தச் சுரத்தோடு எந்த உறவும் இல்லாதவை, அதனால்தான் மணி போலவும் தகரம் போலவும் ஒலிக்கிறது. பின்னால் ஒரு லோ-பாஸ் ஃபில்டரை வைத்து மேல்பகுதியைக் கொஞ்சம் அடக்குங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடத்தில். கார்டு (பல சுரம் ஒன்றாக) வாசித்தால் ஒவ்வொரு சுரமும் இரண்டாகப் பிரிந்து கூழாகிவிடும், ஒற்றைச் சுரமாக வாசியுங்கள். ஒலியை முரடாக்கும் டிஸ்டார்ஷனை முன்னால் போட்டாலும் அதே கதி, வேண்டுமானால் பின்னால் வையுங்கள். கிதாரின் அளவு குறைவாக இருந்தால் பழைய வகைக் கருவிகளில் ஆசிலேட்டரின் ரீங்காரமே மேலோங்கும். அசல் விசிஎஸ்3 கிடைத்த அதிர்ஷ்டசாலிகள் அரை மணி நேரமாவது சூடேறவிட்டுத் தொடுங்கள். சூடு மாறும்போது ஆசிலேட்டர் சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: பாடகர் தெமெத்ரியோ ஸ்த்ராத்தோஸ் ஒரே நேரத்தில் இரண்டு சுரம் பாடுவார் என்கிறார்கள். இந்த ஆல்பத்தில் எனக்கு அது கேட்கவில்லையே?

இதில் அதைத் தேடாதீர்கள். அது பின்னாளைய வேலை. இங்கே இருப்பது வலுவான ராக் குரல், மத்தியதரைக்கடல் கமகங்களோடு. 1945-ல் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 60-களில் ‘இ ரிபெல்லி’ குழுவில் ‘பூன்யி கியூசி’ பாடி இத்தாலி முழுக்கப் பெயர் வாங்கியவர். ஆரெயாவில் ஆர்கனும் அவர் கைதான்.

தன் மகளின் மழலைப் பருவத்தைக் கவனித்த பிறகே குரல் ஆராய்ச்சியில் தீவிரமாக இறங்கினார். இத்தாலியின் பதுவாவில் ஒலியியல் அறிஞர் ஃப்ராங்கோ ஃபெர்ரேரோ அவர் குரலைக் கருவிகள் வைத்து ஆராய்ந்தார். நீங்கள் கேட்பது 1978-ன் ‘கந்தாரே லா வோச்சே’ தனி ஆல்பத்தில் இருக்கிறது, முதல் பாட்டிலேயே. மறு ஆண்டு ஜூன் 13 அன்று நியூயார்க்கில் இரத்த நோயால் இறந்தார், வயது 34. பார்த்துப் பழகலாமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். தொண்டையை இறுக்கி முயன்றால் மிஞ்சுவது கரகரப்பு மட்டும்தான். வழிகாட்ட ஆள் இல்லாமல் வேண்டாம்.

கேள்வி: எல்பி வாங்கலாமா, சிடி போதுமா? எல்பியில் கடைசிப் பாட்டு மட்டும் கரகரக்கிறது.

பக்கத்துக்குச் சுமார் 18 நிமிடம்தான், தட்டுக்கு வசதியான அளவு. உங்கள் சிக்கல் இடம் சார்ந்தது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடும், உள்ளே வர வர அது 21 செ.மீ.க்கு இறங்கிவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்படுகிறது. அந்த நெருக்கடியில் மாட்டுவது ‘லப்பத்திமெந்தோ தெல்லோ ஜெப்பெலின்’, தட்டிலேயே அதிகம் அலறுகிற பாட்டு!

முதலில் ஊசியை மென்மையான தூரிகையால் பின்னிருந்து முன்னாகத் துடையுங்கள். பிறகு கோணம் அளக்கும் புரோட்ராக்டர் தாளை வைத்து கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கும் பாகம்) கோணத்தைச் சரிபாருங்கள், பெரும்பாலும் தவறு இங்கேதான். ஊசி தட்டில் அழுத்தும் எடையைத் தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல்பாதியில் வையுங்கள். உங்களுடையது ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜ் என்றால் 1.8 முதல் 2.2 கிராம், அதில் 2-ல் தொடங்கலாம். எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்று நினைப்பவர்கள் உண்டு. ஊசி பள்ளத்தில் துள்ளும்போதுதான் தட்டு அதிகம் சேதமாகும். இத்தனைக்கும் பிறகு கரகரத்தால் முந்தைய சொந்தக்காரரின் மொட்டை ஊசி செய்த வேலை, மாற்று வழியில்லை.

1973-ன் முதல் பதிப்போடு அட்டையில் வெட்டிய கைத்துப்பாக்கி ஒன்று வந்தது. அது இல்லாத பிரதிக்கு விலை இறங்கும். விற்பவரிடம் அட்டைத் துப்பாக்கியின் படத்தைத் தனியாகக் கேளுங்கள். இசை மட்டும் போதும் என்பவர்களுக்கு சிடியே தாராளம்.

கேள்வி: இதே ஆட்களோடு அடுத்த ஆல்பம் எது?

அப்படி ஒன்று இல்லை. ஜிவாஸ் பிஎஃப்எம் குழுவுக்குப் போய்விட்டார், சாக்ஸஃபோன் வாசித்த புஸ்னெல்லோவும் விலகினார். ஆரெஸ் தவொலாட்ஸி பேஸுக்கு வந்தார். 1974-ன் ‘காஷன் ரேடியேஷன் ஏரியா’ இதைவிட முரடு. பயந்தால் 1975-ன் ‘க்ராக்!’ முதலில் கேளுங்கள்.