நெவ்யூவின் பிராம்ஸ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு வயலின் கலைஞர் ஜினெட் நெவ்யூ வாசித்த, இசையமைப்பாளர் பிராம்ஸின் வயலின் கன்செர்ட்டோவின் (தனி வயலினும் வாத்தியக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) 1946ஆம் ஆண்டுப் பதிவைக் கேட்கும்படி எழுதியிருந்தீர்கள். கேட்டேன். இரைச்சலும், திரைக்குப் பின்னாலிருந்து ஒலிப்பது போன்ற வாத்தியக்குழுவுமே மனதில் நின்றன. நல்ல ஸ்டீரியோ பதிவுகள் இத்தனை இருக்க, புதிதாகக் கேட்பவனை ஏன் இதனிடம் அனுப்புகிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வாத்தியக்குழுவைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் இஸ்ஸாய் டோப்ரோவென் நடத்திய ஃபில்ஹார்மோனியா குழு நன்றாகவே வாசித்திருக்கிறது. ஆனால் அந்த மோனோ (ஒற்றைத் தட) பதிவில் தனி வயலின் முன்னே வந்து நிற்க, மற்றவையெல்லாம் ஒடுங்கிவிட்டன.

நான் அதைப் பரிந்துரைத்தது முதன்மையாக ஓர் இடத்துக்காக. முதல் பகுதியில் குழு மட்டுமே ஏறத்தாழ இரண்டரை நிமிடம் வாசித்த பிறகுதான் வயலின் நுழைகிறது. அங்கே பிராம்ஸ் இனிய மெட்டு எதையும் கொடுப்பதில்லை. டி மைனர் என்னும் சுர வரிசையில் சீறி ஏறும் பாய்ச்சல் ஒன்றைத்தான் கொடுக்கிறார். தேர்ந்த கலைஞர்கள் பலர் அதை விரல் சுத்தத்தைக் காட்டும் இடமாக எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். நெவ்யூ வில்லைத் தந்தியில் பதிக்கும் விதத்திலோ, இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று எழுந்து மறுத்துப் பேசுவது போலிருக்கிறது. அதன் பின் வரும் அமைதியான மெட்டுக்கு அந்தக் கோபம்தான் பொருள் தருகிறது என்பதை நான் இந்தப் பதிவில்தான் உணர்ந்தேன்.

இன்னொன்றையும் கருத வேண்டும். அன்றைய 78 ஆர்.பி.எம். இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ நான்கரை நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. பிசகினால் வெட்டி ஒட்ட வழியில்லை, அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். ஏறத்தாழ நாற்பது நிமிடப் படைப்பை அப்படித் துண்டு துண்டாகப் பதிந்தும் அது ஒரே மூச்சில் வாசித்ததாகக் கேட்கிறது. (எங்கே தட்டு மாறியிருக்கும் என்று தேடிக் களைத்துப்போனேன்.) 1949 அக்டோபரில், முப்பது வயதில், விமான விபத்தில் அவர் இறந்தபோது விட்டுச்சென்ற கன்செர்ட்டோ பதிவுகள் மிகச் சில.

நீங்கள் ஏமாந்திருக்கக்கூடிய இடம் இரண்டாம் பகுதி. அங்கே மெட்டை முதலில் பாடுவது ஓபோ என்னும் ஊதுகருவி. அது பாடும்வரை வயலினைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது என்று ஸ்பானிய வயலின் கலைஞர் சரசாத்தே இந்தப் படைப்பை வாசிக்க மறுத்ததாகச் சொல்வார்கள். அந்த ஓபோவை முழுமையாகக் கேட்க, ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லாண்ட் குழுவுடன் வயலின் கலைஞர் டேவிட் ஓய்ஸ்ட்ராக் 1969இல் செய்த ஸ்டீரியோ பதிவுக்குச் செல்லுங்கள். 1935 வார்சா வியனியாவ்ஸ்கி வயலின் போட்டியில் பதினைந்து வயது நெவ்யூ முதல் பரிசு பெற, இரண்டாமிடம் பெற்றவர் இந்த ஓய்ஸ்ட்ராக்தான்.