குழாயைத் திறந்துவிட்ட மேயர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை மாறி சிகாகோவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அலுவலகம் போகும் வழியில்தான் டேலி சதுக்கம், பிக்காசோவின் அந்தப் பெரிய எஃகுச் சிலை நிற்கும் இடம். யார் இந்த டேலி என்று விசாரித்தேன். ஓய்வுபெறும் வயதிலிருக்கும் வெள்ளைக்காரச் சக ஊழியர், "அவர் காலத்தில் குப்பை நேரத்துக்கு அள்ளப்பட்டது" என்றார். ஒரு கறுப்பினப் பெண்மணி, "சுடச் சொன்ன மனிதர்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

தேடிப் படித்ததில் குழப்பம்தான் கூடியது. ரிச்சர்ட் ஜே. டேலி, 1955 முதல் 1976இல் இறக்கும்வரை சிகாகோவின் மேயர். 1968 கலவரத்தில் தீ வைப்பவர்களைக் கொல்லும்படி சுடச் சொன்னவர். ஆனால் கறுப்பினத்தவர் வாழும் வட்டங்களிலேயே அவருக்கு ஓட்டு குவிந்திருக்கிறது. காரணம் பயமா, பணமா, அறியாமையா? அந்த 'அரசியல் இயந்திரம்' எப்படித்தான் ஓடியது?

ம., சிகாகோ

அன்புள்ள ம.,

மூன்றில் கடைசியை முதலில் கழித்துவிடுவோம். ஏழையின் ஓட்டுக்கு அறியாமை என்றும் தங்கள் ஓட்டுக்குச் சிந்தனை என்றும் பெயர் வைப்பது படித்தவர்களின் பழைய வியாதி. டேலிக்கு ஓட்டுப் போட்ட தெற்குப் பகுதிக் கறுப்பர்களுக்குத் தாங்கள் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது நன்றாகவே தெரியும்.

நீங்கள் 'இயந்திரம்' என்று எழுதுகிறீர்கள். எனக்குப் 'பொறி' என்ற சொல் பிடித்திருக்கிறது. தமிழில் இயந்திரமும் பொறிதான், எலி பிடிப்பதும் பொறிதான். சிகாகோவின் ஜனநாயகக் கட்சி இரண்டுமாக இருந்தது.

டேலி இரண்டு நாற்காலிகளில் அமர்ந்திருந்தார். ஒன்று மேயர் நாற்காலி. மற்றது, அதற்கும் முன்னால் 1953இலேயே பிடித்துவைத்த, சிகாகோ அடங்கிய மாவட்டமான குக் கவுன்டியின் கட்சித் தலைவர் நாற்காலி. இரண்டாவதுதான் முக்கியம். நகரத்தில் 50 வட்டங்கள். வட்டத்துக்கு ஒரு கட்சிப் பொறுப்பாளர், நம் கட்சிகளின் பேச்சில் வட்டச் செயலாளர். அவருக்குக் கீழே வாக்குச்சாவடிக்கு ஒருவர். நகரம், கவுன்டி, பூங்கா நிர்வாகம் என்று கட்சியின் கைவசம் இருந்த வேலைகள் 30,000க்கும் மேல் என்று மதிப்பிடப்பட்டது. தேர்வெழுதி வரவேண்டிய பணியிடங்களில்கூட ஆட்களைத் 'தற்காலிக'மாக உட்கார வைத்து, கெடு முடிய முடிய நீட்டித்துக்கொண்டே போவார்கள். அப்படித் தற்காலிகமாகவே இருந்து தலை நரைத்தவர்கள் உண்டு. சாவடியில் ஓட்டுக் குறைந்தால் நீட்டிப்பு வராது. அவ்வளவுதான் இதன் தொழில்நுட்பம்.

பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் நீதிபதியாகவும் ஆன அப்னர் மிக்வா 1948இல் மாணவர். தேர்தல் வேலை செய்யலாம் என்று ஒரு வட்ட அலுவலகத்துக்குள் போனார். உள்ளே இருந்தவர் "உன்னை யார் அனுப்பினது?" என்றார். "யாரும் அனுப்பவில்லை." "யாரும் அனுப்பாத ஆள் எங்களுக்கு வேண்டாம்." அது டேலி மேயராவதற்கு ஏழு ஆண்டுகள் முன்னால். பொறியை அவர் கண்டுபிடிக்கவில்லை, எண்ணெய் போட்டு முழு வேகத்தில் ஓட்டினார்.

கறுப்பினத்தவர் இதற்குள் எப்படி வந்தார்கள்? வில்லியம் டாசன் வழியாக. தெற்குப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், கறுப்பின வட்டங்களின் தனிப் பொறி அவர் கையில். டேலிக்கு முந்தைய மேயர் கென்னலியின் போலீஸ், தெற்குப் பகுதியில் நடந்த எண் சூதாட்டத்தின் மீதும் உரிமமில்லாத வாடகை கார்கள் மீதும் பாய்ந்தது. கேட்க ஒழுக்கமான காரியம். ஆனால் அது பலருக்கு வயிற்றுப்பாடு. டாசன் 1955இல் கென்னலியைக் கைவிட்டு டேலியைத் தூக்கிவிட்டார். 1963 தேர்தலில் வெள்ளையரின் ஓட்டில் பெரும்பகுதி எதிரணிக்குப் போனபோது டேலியைக் கரை சேர்த்ததும் கறுப்பின வட்டங்கள்தான். அதிலிருந்து அவர் கற்ற பாடத்தைக் கவனியுங்கள். காப்பாற்றியவர்கள் எங்கும் போகப் போவதில்லை, கோபித்துக்கொண்டவர்களைத்தான் தாஜா செய்ய வேண்டும்.

தாஜா என்றால் வீடும் பள்ளியும், அதாவது வெள்ளையர் தெருவுக்கும் பள்ளிக்கும் கறுப்பினத்தவர் வராமல் பார்த்துக்கொள்வது. அந்த வேலை முன்பே தொடங்கியிருந்தது. ஸ்டேட் தெரு நெடுக ராபர்ட் டெய்லர் குடியிருப்பு எழுந்தது. 16 மாடிக் கட்டடங்கள் 28, வரிசையாக. 1962இல் முடிந்தது. குடியேறியவர்கள் ஏறக்குறைய அனைவரும் கறுப்பினத்தவர். அந்த ராபர்ட் டெய்லர் யார் தெரியுமா? நகர வீட்டுவசதி ஆணையத்துக்குத் தலைமை வகித்த கறுப்பர். பொதுக் குடியிருப்புகளை வெள்ளையர் பகுதிகளிலும் கட்ட வேண்டும் என்றார், மாநகராட்சி மன்றம் மறுத்தது, 1950இல் பதவியை விட்டு விலகினார். எதை எதிர்த்து விலகினாரோ அதற்கே அவர் பெயரைச் சூட்டினார்கள்! இத்தகைய குடியிருப்புகளில் தேர்தல் நேரத்தில் கதவைத் தட்டும் கட்சிக்காரர், ஓட்டு மாறினால் வீடு போய்விடும் என்று சாடைமாடையாகச் சொல்வார் என்பது பரவலான குற்றச்சாட்டு. நீங்கள் கேட்ட பயம் இங்கே இருக்கிறது. ஆனால் அதே கட்சிக்காரர்தான் மருத்துவமனையில் படுக்கை வாங்கித் தருபவர், பையன் போலீஸில் மாட்டிக்கொண்டால் பேசி மீட்பவர்.

பொறியின் இலக்கணத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். தனியாளாக வந்து கைகட்டி நின்று கேட்டால் ஏதாவது கிடைக்கும். கூட்டமாக வந்து உரிமை என்று கேட்டால் ஒன்றும் கிடையாது. டேலியைக் கொடுக்காதவர் என்று யாரும் சொல்ல முடியாது. கொடுத்தவர் தான் என்பது வாங்கியவருக்கு மறக்கக் கூடாது, அவ்வளவே அவருடைய நிபந்தனை.

இந்தச் சுவரில்தான் 1966இல் மார்ட்டின் லூதர் கிங் வந்து மோதினார். ஜனவரியில் மேற்குப் பகுதியில், ஹாம்லின் அவென்யூவில், ஒரு பாழடைந்த வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியேறினார். வரப்போவது யார் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் அவசரமாக ஆட்களை அனுப்பி வர்ணம் பூசி ஓட்டை உடைசலையெல்லாம் சரிசெய்துவிட்டார். கிங் வீடு வீடாக மாறிக்கொண்டே இருந்தால் சிகாகோவின் சேரியெல்லாம் சீராகிவிடும் என்று அப்போது வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்களாம். தெற்கு மாநிலங்களில் அவர் எதிர்கொண்டவர்கள் நாயை ஏவினார்கள், கேமராவுக்கு முன்னால் தடியெடுத்தார்கள். டேலியோ சிரித்த முகத்தோடு வரவேற்று, நீங்கள் சொல்வதைத்தான் நாங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறோம் என்றார். ஜூலை 10ஆம் தேதி சோல்ஜர் மைதானத்தில் பெருங்கூட்டம் பேசி முடித்து, ஊர்வலமாகப் போய், கோரிக்கைகளை நகர மண்டபத்தின் கதவில் ஒட்டினார் கிங். தேவாலயக் கதவில் தன் கண்டனங்களை ஒட்டியதாகச் சொல்லப்படும் ஜெர்மன் பாதிரியார் மார்ட்டின் லூதர், கிங்கின் பெயருக்கு மூலமானவர், நினைவில் இருந்திருப்பார். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. உள்ளே யாரும் இல்லை.

இரண்டே நாளில் மேற்குப் பகுதி வெடித்தது. கடும் வெயில். பிள்ளைகள் தெருவோரத் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டு நனைந்து கொண்டிருந்தார்கள். போலீஸ் வந்து மூடியது. திறந்தார்கள், மீண்டும் மூடியது. கல் பறந்தது. கடைசியில் தேசியக் காவல்படை இறங்க வேண்டியதாயிற்று. மேயர் என்ன செய்தார்? குழாய்களில் நீர்த்தெளிப்பான் பொருத்தச் சொன்னார், எடுத்துவைக்கும் நீச்சல் தொட்டிகள் வாங்கச் சொன்னார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்களே, அதன் மாநகராட்சி வடிவம். கேட்டது எந்தத் தெருவிலும் குடியிருக்கும் உரிமை, கிடைத்தது தண்ணீர்.

ஆகஸ்ட் 5ஆம் தேதி மார்க்கெட் (Marquette) பூங்காவில், வெள்ளையர் குடியிருப்புக்குள் ஊர்வலம் போனபோது ஒரு கல் கிங்கின் தலையில் பட்டது. மிசிசிப்பியிலும் அலபாமாவிலும்கூட இப்படி வெறுப்பு கக்கும் கூட்டத்தைக் கண்டதில்லை என்றார் அவர். ஆகஸ்ட் 26ஆம் தேதி பால்மர் ஹவுஸ் ஓட்டலில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. நிறைவேற்ற வைக்கும் வழி எதுவும் அதில் இல்லை. ஊர்வலங்கள் நின்றன. அடுத்த ஏப்ரலில் டேலி 50 வட்டங்களிலும் வென்றார்.

சிரித்த முகத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதற்கு, கிங் வருவதற்கு முந்தைய ஆண்டான 1965ஐப் பார்க்கலாம். பள்ளிகளில் நிலவிய பாகுபாட்டை எதிர்த்து, நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரெகரி தலைமையில் எண்பது சொச்சம் பேர் நகர மண்டபத்திலிருந்து ஐந்து மைல் நடந்து பிரிட்ஜ்போர்ட்டில் மேயரின் வீடு இருந்த தெருவுக்குப் போனார்கள். அக்கம்பக்கத்தார் கூடி முட்டையும் கல்லும் எறிந்தார்கள். போலீஸ் கைது செய்தது யாரை? நடந்து வந்தவர்களை. 1969இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது.

1968 பற்றி உங்களுக்கே தெரியும், சுருக்கிவிடுகிறேன். ஏப்ரலில் கிங் கொல்லப்பட்ட மறுநாள் மேற்குப் பகுதி எரிந்தது, 11 பேர் மாண்டார்கள். கலவரம் அடங்கிச் சில நாள் கழித்துத்தான், ஏப்ரல் 15ஆம் தேதி, மேயர் அந்தச் 'சுடுங்கள்' பேச்சைப் பேசினார். கொள்ளையடிப்பவர்களை முடமாக்கும்படி சுடச் சொன்னதும் அதில்தான். கண்டனம் எழுந்ததும் மென்று விழுங்கினார். அவருடைய செய்திச் செயலாளர், மேயர் சொன்னதை எழுதாமல் சொல்ல நினைத்ததை எழுதியிருக்க வேண்டும் என்று பத்திரிகைக்காரர்களைக் கடிந்துகொண்டார். ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு நடந்தபோது, தெருக்களில் போலீஸ் அடித்தது வியட்நாம் போரை எதிர்த்துத் திரண்டவர்களை, பெரும்பாலும் வெள்ளைக்கார இளைஞர்களை, தொலைக்காட்சிக்கு முன்னால். உலகம் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

பொறி விரிசல் விட்டது வேறிடத்தில் என்பது என் எண்ணம். 1969 டிசம்பர் 4ஆம் தேதி விடியுமுன், கவுன்டி அரசு வழக்கறிஞர் ஹான்ரஹனின் கீழிருந்த போலீஸார் மன்ரோ தெரு வீடொன்றில் புகுந்து, கறுப்பினத் தீவிர அமைப்பான கருஞ்சிறுத்தைக் கட்சியின் பிரெட் ஹாம்ப்டனையும் மார்க் கிளார்க்கையும் சுட்டுக் கொன்றார்கள். ஹாம்ப்டனுக்கு வயது 21. ஹான்ரஹன் டேலி வளர்த்த பிள்ளை, சிகாகோவில் அரசு வழக்கறிஞர் என்பது தேர்தலில் நின்று வெல்ல வேண்டிய பதவி. உள்ளிருந்தவர்கள் சுட்டதற்குச் சான்று என்று அவர் தந்த படம் பத்திரிகையில் வந்தது, கதவில் குண்டுத் துளைகள். போய்ப் பார்த்தால் அவை ஆணித் தலைகள்!

1972 நவம்பரில் கறுப்பின வட்டங்கள் பழக்கப்படி ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போட்டன, ஹான்ரஹனைத் தவிர. அங்கே ஒரே குறியில் கட்சி முழுவதற்கும் ஓட்டுப் போட்டுவிடலாம், கட்சிக்காரர் கற்றுக்கொடுத்ததும் அதைத்தான். அன்று ஏராளமானோர் அதை விட்டுவிட்டு, சீட்டில் ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, தாண்டி, குடியரசுக் கட்சிக்காரருக்குப் போட்டார்கள். ஹான்ரஹன் தோற்றார்.

அதே ஆண்டில் ரால்ஃப் மெட்காஃப் டேலியை விட்டு விலகினார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நூறு மீட்டரில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்தவர். டாசனுக்குப்பின் நாடாளுமன்றம் போனவர், டேலிக்கு நெடுங்காலம் தலையாட்டியவர். அவருக்கு வேண்டிய ஒரு பல் மருத்துவரைப் போலீஸ் தெருவில் நிறுத்தி அவமதித்தது. சிபாரிசு, கட்சி அட்டை எதுவும் தோலின் நிறத்துக்கு முன்னால் செல்லவில்லை. மெட்காஃப் மேயரைத் தெற்குப் பகுதிக்கு வந்து பேசச் சொன்னார். எல்லாரும் தன் ஐந்தாவது மாடி அறைக்கு வந்தே பழகிய டேலி போகவில்லை. "கறுப்பனாக இருப்பதற்குக் காலம் கடந்துவிடுவதே இல்லை" என்றார் மெட்காஃப். 1976இல் கட்சிக்குள் அவரை எதிர்த்து டேலி ஆள் நிறுத்தினார். மெட்காஃப் பெரும் வித்தியாசத்தில் வென்றார். டேலி அந்த டிசம்பரில் மாரடைப்பில் இறந்தார்.

உங்கள் அலுவலகப் பெண்மணி எப்போதாவது பேசும் மனநிலையில் இருந்தால், மேயரைப் பற்றிக் கேட்காதீர்கள். அவர் வீட்டுக் கதவைத் தட்டிய வாக்குச்சாவடிக்காரர் யார் என்று கேளுங்கள். 1983இல் நகரத்தின் முதல் கறுப்பின மேயரான ஹரால்டு வாஷிங்டனின் தந்தை அப்படிக் கதவைத் தட்டியவர்களில் ஒருவர், மூன்றாம் வட்டத்தில்.